1967 ஜிடிஓ கன்வெர்ட்டிபிள் வாங்கப் போகிறீர்களா? பெயிண்டைக் கடைசியாகப் பாருங்கள்

அமெரிக்காவில் ரெஸ்டோர் செய்த பழைய மசில் கார், அதாவது பெரிய இன்ஜின் போட்ட வேகக் கார், விற்பனைக்கு வந்தால் விளம்பரத்தில் முதலில் கண்ணில் படுவது பெயிண்ட்தான். பளபளக்கும் சிவப்பு, வெள்ளை டாப், முகம் பார்க்கலாம் போன்ற குரோம் பம்பர், இப்படி நாற்பது படம் போட்டிருப்பார்கள், அதில் காருக்கு அடியில் எடுத்த படம் ஒன்றுகூட இருக்காது. வாங்க வருபவரும் அதே வரிசையில்தான் பார்க்கிறார், பெயிண்டைப் பார்த்து மனசு போனதும் மற்றதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்ற ஆரம்பித்துவிடுகிறது. பார்க்க வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். முதலில் காகிதம், அடுத்து அடித்தகடும் சேஸிஸும், அப்புறம் இன்ஜின், டாப், ஓட்டம். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசி.

கன்வெர்ட்டிபிளுக்கு இது இரண்டு மடங்கு உண்மை. கூரை இல்லாத காரில் பாடியின் பலம் முழுக்கக் கீழே இருக்கிறது, மழைத் தண்ணீர் இறங்கித் தேங்குவதும் அங்கேதான்.

எல்லா மசில் காரையும் பொதுவாகப் பேசினால் ஒன்றும் உருப்படியாக வராது, அதனால் ஒரே காரை வைத்துச் சொல்கிறேன்: 1967 பான்டியாக் ஜிடிஓ கன்வெர்ட்டிபிள். செவெல், 442, ஸ்கைலார்க் என்று அந்தக் கால ஜெனரல் மோட்டார்ஸ் ஏ-பாடி (நடுத்தர அளவு) கார் எதை வாங்கினாலும் இதில் பெரும்பகுதி அப்படியே பொருந்தும்.

ஏன் 1967

ஜிடிஓ 1964-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கம்பெனிகள் ரேஸில் இறங்கக் கூடாது என்று தடை போட்டிருந்தது, நடுத்தர அளவு கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேல் இன்ஜின் வைக்கக் கூடாது என்றும் உள்விதி இருந்தது. ஜெனரல் மோட்டார்ஸின் கம்பெனிகளில் ஒன்றான பான்டியாக்கில் ஜான் டிலோரியன், பில் காலின்ஸ், ரஸ் கீ ஆகியோர் பெரிய காருக்கான 389 இன்ஜினைச் சின்ன டெம்பெஸ்ட்டில் இறக்கி, அதைத் தனி மாடலாக அறிவிக்காமல் டெம்பெஸ்ட்டின் உயர்ரகமான லெமான்ஸ் காருக்கான ஆப்ஷனாக விற்றார்கள். விதி மாடலுக்குத்தான், ஆப்ஷனுக்கு இல்லை என்பது அவர்கள் கண்ட வழி. முதல் ஆண்டிலேயே 32,450 கார் விற்றது.

அந்தச் சாமர்த்தியம்தான் இன்று வாங்குபவருக்குத் தலைவலி. 1964, 1965 இரண்டு ஆண்டிலும் ஜிடிஓ வெறும் ஆப்ஷன் என்பதால் வின் எண்ணை (ஒவ்வொரு காருக்கும் உள்ள தனி அடையாள எண்) பார்த்து அது ஜிடிஓவா, சாதாரண லெமான்ஸா என்று சொல்ல முடியாது. 1966-இல் ஜிடிஓ தனி மாடல் ஆனது, வின் எண்ணிலேயே அது ஏறியது. 1967-இல் 389 போய் 400 கன அங்குல இன்ஜின் வந்தது, இரண்டு கியர் ஆட்டோமேட்டிக்குக்குப் பதில் மூன்று கியர் டர்போ ஹைட்ராமேட்டிக் 400 வந்தது, முன்சக்கர டிஸ்க் பிரேக்கை ஆப்ஷனாகக் கேட்டு வாங்க முடிந்தது. மூன்று கார்புரேட்டர் கொண்ட ட்ரை-பவர் அந்த ஆண்டு நின்றுபோனதில் பலருக்கு வருத்தம் உண்டு. ஆனால் எடுத்து ஓட்டப்போகிறவருக்கு அதன் இடத்தில் வந்த ஒற்றை ராசெஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டர் எவ்வளவோ மேல். அந்த ஆண்டு மொத்தம் 81,722 ஜிடிஓ செய்தார்கள், அதில் கன்வெர்ட்டிபிள் 9,517. கிடைக்காத காரும் இல்லை, தெருவுக்குத் தெரு நிற்கும் காரும் இல்லை. ஜிடிஓவின் தனி ரகமான 1969 ஜட்ஜ் கன்வெர்ட்டிபிள் போல 108 மட்டுமே செய்த காரைத் தேடினால் விலையும் வேறு, போலிகளின் கூட்டமும் வேறு.

படி 1: போனிலேயே பாதியை முடியுங்கள்

காரைப் பார்க்க மிஷிகனிலிருந்து டெக்சாஸுக்கு விமான டிக்கெட் போடும் முன் விற்பவரிடம் நான்கு விஷயம் கேளுங்கள். முழு வின் எண். டேட்டா பிளேட்டின், அதாவது பாடி, பெயிண்ட், தயாரான தேதி ஆகியவற்றின் குறியீடு பொறித்த தகட்டின் தெளிவான படம். ரெஸ்டோர் செய்தபோது எடுத்த படங்கள், குறிப்பாகப் பெயிண்ட் இல்லாமல் வெறும் தகடாக இருந்தபோது எடுத்தவை. டைட்டில், அதாவது காரின் உரிமைப் பத்திரம், யார் பெயரில் இருக்கிறது.

மூன்றாவது கேள்விதான் ஆளைக் காட்டிக்கொடுக்கும். உண்மையிலேயே பாடியைச் சேஸிஸிலிருந்து தூக்கி வேலை செய்தவர் எவரும் படம் எடுக்காமல் இருந்ததில்லை, அவர்களுக்கு அது பெருமை, கேட்டால் முந்நூறு படம் அனுப்பிவிட்டுக் கூடவே கதையும் சொல்வார்கள். "போனைத் தொலைத்துவிட்டேன், படம் எல்லாம் அதிலே போச்சு", "முந்தைய ஓனர் செய்தது, எனக்குத் தெரியாது" என்று பதில் வந்தால் அந்தக் காரை ரெஸ்டோர் செய்த கார் என்று நினைக்காதீர்கள், புதிதாகப் பெயிண்ட் அடித்த கார் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். விலையையும் அந்தக் கணக்கில்தான் பேச வேண்டும்.

படி 2: எண்கள்

1967 காரில் வின் தகடு ஓட்டுநர் பக்கக் கதவின் கீல் தூணில் இருக்கும், கதவைத் திறந்தால் தெரியும். கண்ணாடி வழியே டேஷ்போர்டில் தெரிவது 1968-இலிருந்துதான். எண் 242677 என்று ஆரம்பிக்க வேண்டும். முதல் 2 பான்டியாக், அடுத்த 42 ஜிடிஓ, 67 கன்வெர்ட்டிபிள், கடைசி 7 ஆண்டு. குழப்பம் வருவது இங்கேதான்: நடுவில் உள்ள 67 பாடியைக் குறிப்பது, ஆண்டை அல்ல. 1966 கன்வெர்ட்டிபிளிலும் அதே 67 இருக்கும், அதன் பின்னால் 6 வரும். ஹார்ட்டாப் என்றால் அந்த இடத்தில் 17, தூண் வைத்த கூப்பே என்றால் 07. அடுத்து வரும் எழுத்து தொழிற்சாலை: பி (P) என்றால் மிஷிகனின் பான்டியாக் நகரம், இசட் என்றால் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமான்ட், பி-க்கும் இசட்டுக்கும் அப்பால் வேறு சில ஊர்களும் உண்டு. எண் 237 என்று ஆரம்பித்தால் அது லெமான்ஸ், மேலே எத்தனை ஜிடிஓ பேட்ஜ் ஒட்டியிருந்தாலும் லெமான்ஸ்தான். லெமான்ஸ் மோசமான கார் இல்லை, லெமான்ஸ் விலைக்குக் கிடைத்தால் சந்தோஷமாக வாங்கலாம்.

தகடு எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். புது ஸ்க்ரூ, கடையில் கிடைக்கும் பாப் ரிவெட், சுற்றிலும் கீறல் இருந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். வின் தகட்டை ஒரு காரிலிருந்து கழற்றி இன்னொன்றில் மாட்டுவது அமெரிக்காவில் குற்றம், அப்படிப்பட்ட காரைப் போலீஸ் கைப்பற்றினால் உங்கள் பணமும் அதோடு போகும்.

இனி இன்ஜின். பான்டியாக் வி8 இன்ஜின்களில் ஒரு விசேஷம் உண்டு: 326, 350, 389, 400, 455 எல்லாமே வெளியிலிருந்து பார்க்க ஒரே மாதிரி இருக்கும். 1970-களின் செடானிலிருந்து எடுத்த 350-க்கு நீலப் பெயிண்ட் அடித்து, குரோம் மூடி போட்டு, 400 என்று ஸ்டிக்கர் ஒட்டினால் பானெட்டைத் திறந்து நின்று பார்க்கும் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதனால் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொஞ்சம் துணியும் கொண்டு போங்கள். பயணி பக்கம், பிளாக்கின் முன்முகத்தில், சிலிண்டர் ஹெட்டுக்குச் சற்றுக் கீழே துணியால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் இரண்டு எழுத்துக் குறியீடு தெரியும். டபிள்யூடி (WT) என்றால் 335 குதிரைத்திறன், மேனுவல் கியர். ஒய்எஸ் என்றால் அதே இன்ஜின், ஆட்டோமேட்டிக். டபிள்யூஎஸ், ஒய்இசட் என்றால் 360 குதிரைத்திறன் ஹெச்ஓ (ஹை அவுட்புட்). எக்ஸ்எஸ், எக்ஸ்பி (XP) என்றால் ராம் ஏர், அதாவது பானெட்டின் வழியே வெளிக்காற்றை நேராக இழுக்கும் ரகம். எல்லா பாடி வகையும் சேர்த்தே 751 ராம் ஏர் கார்தான் அந்த ஆண்டு செய்தார்கள், எனவே விளம்பரத்தில் அந்த வார்த்தையைப் பார்த்தால் பத்து மடங்கு சந்தேகப்படுங்கள்.

அதோடு விடாதீர்கள். பிளாக்கின் பின்பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் உட்காரும் இடத்தருகே வார்ப்புத் தேதி இருக்கும். ஓர் எழுத்து மாதம், பிறகு நாள், கடைசியில் ஆண்டின் ஒற்றை இலக்கம். சி147 என்றால் 1967 மார்ச் 14. அந்தத் தேதி கார் தயாரான தேதிக்குச் சில வாரம் முன்னால் இருக்க வேண்டும். கார் பிப்ரவரியில் தயாரானது, பிளாக் ஏப்ரலில் வார்த்தது என்றால் அது இந்தக் காரோடு பிறந்த இன்ஜின் அல்ல, வேறு பேச்சுக்கே இடமில்லை. ஹெட்டில் நடு எக்ஸாஸ்ட் போர்ட் பக்கம் 670 என்ற எண் இருந்தால் நல்லது, 1967-க்கே உரிய ஹெட் அது.

பிளாக்கில் வின் எண்ணின் பகுதியை அடிக்கும் வழக்கம் 1968-இல்தான் வந்தது. அதனால் 1967 காரில் "எண்கள் பொருந்தும்" என்று ஒருவர் சொன்னால் குறியீடும் தேதியும் சரியான வரம்புக்குள் இருக்கின்றன என்பதே பெரும்பாலும் அதன் பொருள். இதற்கு நல்ல துணை, மிஷிகனில் உள்ள பான்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ். 1961-இலிருந்து பான்டியாக் கம்பெனியின் பில்லிங் ஆவணங்களின் நகல் அவர்களிடம் இருக்கிறது. வின் எண் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்தக் கார் எந்த இன்ஜின், எந்த கியர்பாக்ஸ், எந்தெந்த ஆப்ஷனோடு எந்த டீலருக்குப் போனது என்ற விவரம் வந்துவிடும். விற்பவர் நகல் காட்டினாலும் நீங்களே தனியாக ஒன்று வாங்குங்கள். பல ஆயிரம் டாலர் கொடுக்கும் இடத்தில் இந்தச் செலவு ஒன்றுமே இல்லை, பான்டியாக் பிராண்டே 2010-இல் மூடிய பிறகும் இப்படி ஒரு வசதி இருப்பது வாங்குபவரின் அதிர்ஷ்டம்.

படி 3: காருக்கு அடியில் படுங்கள்

பழைய உடுப்பு போட்டுக்கொண்டு போங்கள். லிஃப்ட் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பார்க்க விற்பவர் சம்மதித்தால் ரொம்ப நல்லது, சம்மதிக்காவிட்டால் ஏன் என்று கேளுங்கள்.

ஏ-பாடி கன்வெர்ட்டிபிளின் சேஸிஸ் மற்ற கார்களைப் போல ஒரு பக்கம் திறந்திருக்காது, நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் இருக்கும். கூரை இல்லாத குறையை ஈடுகட்டத் தொழிற்சாலையில் அப்படிச் செய்தார்கள். பலம் அதிகம், ஆனால் உள்ளே புகுந்த உப்புத் தண்ணீரும் மண்ணும் வெளியே வர வழியில்லை, துரு உள்ளிருந்து வெளியே தின்னும். வெளியே கறுப்புப் பெயிண்ட் அழகாக இருக்கும், சின்னச் சுத்தியலால் தட்டினால் ஓரிடத்தில் கணீர் என்றும் இன்னோரிடத்தில் மந்தமாகவும் கேட்கும். பின்சக்கரத்துக்கு மேல் சேஸிஸ் வளைந்து ஏறும் இடத்தில் நிறுத்தி நிதானமாகத் தட்டுங்கள். பனிக்கு உப்புப் போடும் ஒஹையோ, மிஷிகன், நியூயார்க் பக்கத்துக் கார் என்றால் இன்னும் கவனம்.

அடுத்து டிக்கி. விரிப்பை முழுவதும் தூக்குங்கள், ஓரத்தை மட்டும் விலக்கிப் பார்த்தால் போதாது. டாப் மடிந்து உட்காரும் பள்ளத்திலிருந்து ஒழுகும் தண்ணீர் இங்கேதான் இறங்கும். பின்சக்கரத்துக்குப் பின்னால் பக்கவாட்டில் கீழே இறங்கும் குழிக்குள் கையை விட்டுத் தடவுங்கள். விரல் நுனியில் செதில் செதிலாக வந்தால் வெளியே எவ்வளவு மினுமினுத்தாலும் அந்தக் குவார்ட்டர் பேனல் (பின்சக்கரத்தைச் சுற்றியுள்ள பக்கத் தகடு) உள்ளே அழுகிக்கொண்டிருக்கிறது. மிருதுவாக, கட்டியாக, மணல் தேய்த்த மாதிரி இருந்தால் அது பட்டி.

பட்டியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. கொஞ்சமும் பட்டி இல்லாத ரெஸ்டோர் கார் கிடையாது, மேடு பள்ளத்தைச் சமன் செய்ய மெல்லிய பூச்சு எல்லாரும் போடுவார்கள். தப்பு என்பது துருப்பிடித்த ஓட்டையைத் தகடு வைத்து வெல்டிங் செய்யாமல் பட்டியால் அடைப்பது. பெயிண்ட் கனம் அளக்கும் கருவி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், ஒவ்வொரு பேனலிலும் மேல், நடு, கீழ் மூன்று இடம் வையுங்கள். கதவு முழுக்க 200 மைக்ரான் காட்டிவிட்டு அடிப்பகுதியில் மட்டும் திடீரென்று 900 காட்டினால் கதை புரிந்துவிடும். சிவப்பு கன்வெர்ட்டிபிள் ஒன்றில் இப்படி வைத்தபோது பின்சக்கர வளைவுக்குக் கீழே கருவி எண்ணே காட்டவில்லை. தகடு இருக்கிறது என்பதையே அது கண்டுகொள்ளாத அளவுக்குப் பட்டி கனமாக இருந்தது. அந்தக் காரின் விளம்பரத்திலும் "ஒவ்வொரு போல்ட்டும் கழற்றி ரெஸ்டோர் செய்யப்பட்டது" என்ற வரி இருந்தது.

கதவு இடைவெளியை மறக்காதீர்கள். கன்வெர்ட்டிபிளின் இடுப்பு தளர்ந்திருந்தால் கதவின் பின்விளிம்பில் இடைவெளி மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாக இருக்கும். டாப் மூடியபடி ஒரு முறை, திறந்தபடி ஒரு முறை, இரண்டு கதவையும் திறந்து மூடுங்கள். தூக்கிப் பிடித்துத் தள்ளினால்தான் மூடுகிறது என்றால் கீல் தேய்ந்திருக்கலாம், அது சின்ன வேலை, சேஸிஸோ பாடி மவுண்ட்டோ போயிருக்கலாம், அது பெரிய வேலை.

படி 4: இன்ஜினைக் குளிர்ந்தபடி கேளுங்கள்

நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வையுங்கள், சூடாக இருந்தால் ஏற்கெனவே ஓட்டிச் சமாதானப்படுத்தி வைத்திருக்கிறார்கள்.

ஸ்டார்ட் ஆனதும் வரும் கொஞ்சம் நீலப் புகை வால்வு சீல், பெரிதாகப் பயப்பட வேண்டாம். ஓட்டும்போது கேஸ் கொடுத்தால் நீலப் புகை தொடர்ந்து வந்தால் ரிங். சூடானபின் ஐடிலில் ஆயில் பிரஷர் 20 பிஎஸ்ஐ-க்குக் கீழே தொங்கினால் பேரிங் பார்க்க வேண்டும்.

பான்டியாக்குக்கே உரிய மூன்று விஷயம். ஒன்று, கிராங்கின் பின்சீல் கயிறு வகை. லேசாகக் கசிவது இயல்பு, தரையில் குளம் கட்டினால்தான் பிரச்சினை. இரண்டு, தொழிற்சாலை கேம் கியரில் பற்கள் நைலான். வயதானால் நொறுங்கி ஆயில் பேனில் விழுந்து பம்ப்பின் வலையை அடைக்கும். "இன்ஜின் ரீபில்ட்" என்றால் டைமிங் செட் மாற்றிய ரசீது எங்கே என்று கேளுங்கள். மூன்று, சூடு. இந்த இன்ஜின்களில் வாட்டர் பம்ப்புக்குப் பின்னால் ஒரு தடுப்புத் தகடு உண்டு, பம்ப்பின் இறக்கைக்கும் அதற்கும் இடையே இடைவெளி அதிகமானால் தண்ணீர் சரியாகச் சுற்றாது. புது ரேடியேட்டர், புது ஃபேன், புது தெர்மோஸ்டாட் எல்லாம் போட்டும் டிராஃபிக்கில் கொதிக்கிறது என்று புலம்புபவர்கள் பலருக்குக் காரணம் அந்தத் தகடுதான். அதனால் ஓட்டிப் பார்த்துத் திரும்பியதும் உடனே அணைக்காமல் இருபது நிமிடம் ஐடிலில் விட்டு முள்ளைப் பாருங்கள்.

முடிந்தால் கம்ப்ரெஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட எட்டு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்பதே முக்கியம்.

படி 5: டாப்

கன்வெர்ட்டிபிளுக்குத் தனிச் செலவு வைப்பது இதுதான். பின்சீட்டுக்குப் பின்னால் மின்மோட்டாரோடு ஒரு ஹைட்ராலிக் பம்ப், இரண்டு பக்கமும் இரண்டு சிலிண்டர். பவர் டாப் என்றால் இரண்டு தடவை முழுதாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஒரு பக்கம் முந்தி இன்னொரு பக்கம் பிந்தி வந்தால் சிலிண்டர் போயிருக்கிறது. பின்சீட்டின் கீழே ஈரம் தெரிந்தால் கசிவு. கன்வாஸைவிட மடிப்புச் சட்டத்தையும் கீல்களையும் உற்றுப் பாருங்கள், கன்வாஸ் புதிதாகக் கிடைக்கும், வளைந்த சட்டத்தை நிமிர்த்த ஆள் கிடைப்பதுதான் கஷ்டம். டாப்பை மூடி ஹோஸ் பைப்பில் தண்ணீர் அடிக்க விற்பவர் ஒத்துக்கொண்டால் அவர் நேர்மையானவர்.

படி 6: ஓட்டம்

குறைந்தது அரை மணி நேரம், ஒரு நெடுஞ்சாலை, ஒரு மோசமான ரோடு. மேடு பள்ளத்தில் விண்ட்ஷீல்டு சட்டம் லேசாக ஆடுவது எல்லாப் பழைய கன்வெர்ட்டிபிளிலும் உண்டு, ஸ்டீயரிங்கே கையில் உதறினால் படி 3-க்குத் திரும்புங்கள். நான்கு கியர் மன்சி மேனுவல் கியர்பாக்ஸ் என்றால் மூன்றாவதில் வேகம் எடுத்துக் காலைச் சட்டென்று எடுங்கள், கியர் தானாக வெளியே வந்து விழுந்தால் கியர்பாக்ஸைத் திறக்க வேண்டும். நான்கு சக்கரமும் டிரம் பிரேக் என்றால் வேகத்திலிருந்து இரண்டு மூன்று தடவை அடுத்தடுத்து அழுத்திப் பாருங்கள், மூன்றாவது தடவை பிடி குறைவது உங்களுக்கே தெரியும். ஓட்டுவதற்காக வாங்குகிறீர்கள் என்றால் டிஸ்க் மாற்றும் கிட் செலவை இப்போதே கணக்கில் சேருங்கள். ஒரிஜினல் கெட்டுவிடும் என்பவர்கள் சொல்லட்டும், பழைய பாகங்களைப் பெட்டியில் போட்டு வைத்தால் போதும், உயிர் முக்கியம்.

படி 7: விலை, பணம், கொண்டுவருவது

விளம்பரத்தில் கேட்கும் விலை சந்தை விலை அல்ல. ஹேகர்ட்டி போன்ற விலைக் கையேட்டில் காரின் தரத்தை நான்காகப் பிரித்திருப்பார்கள், விற்பவர்கள் எல்லாரும் தங்கள் கார் முதல் தரம் என்பார்கள். உண்மையில் ஊர் ரோட்டில் ஓடும் நல்ல ரெஸ்டோர் கார் பெரும்பாலும் இரண்டாம் தரத்துக்கும் மூன்றாம் தரத்துக்கும் நடுவில் இருக்கும். மீகம், பேரட்-ஜாக்சன் போன்ற ஏலங்களில் சுத்தி விழுந்த தொகைக்கு மேல் வாங்குபவர் கட்டணம் வேறு உண்டு, ஏலத்தில் கை தூக்கும் முன் அதைக் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே லிஃப்டில் ஏற்றிப் பார்க்கவும் ஓட்டிப் பார்க்கவும் வழியில்லை என்பதால் முதல் கார் வாங்குபவர் ஏலத்துக்குப் போவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

டைட்டிலில் உள்ள பெயரும் விற்பவரின் அடையாள அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும், டைட்டிலின் வின்னும் தூணில் உள்ள வின்னும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும், வங்கிக் கடன் பாக்கி இருக்கக் கூடாது. பணத்தை விற்பவரின் வங்கிக் கிளையிலேயே வைத்துக் கொடுத்து டைட்டிலைக் கையோடு வாங்குவது இரண்டு பேருக்கும் நிம்மதி.

இன்ஷூரன்ஸை வண்டி நகரும் முன்பே எடுங்கள், அதுவும் இருவரும் ஒப்புக்கொண்ட மதிப்புக்கு எடுக்கும் கிளாசிக் கார் பாலிசி. சாதாரண பாலிசியில் விபத்து நடந்தால் ஐம்பது வருடப் பழைய காருக்குத் தேய்மானம் போட்டுக் கையில் சொற்பத்தைக் கொடுப்பார்கள். தூரத்திலிருந்து வருகிறது என்றால் மூடிய டிரெய்லர், ஏற்றும்போதும் இறக்கும்போதும் தேதியோடு படம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை டயரின் பக்கச்சுவரைப் பார்ப்பது. கடைசி நான்கு இலக்கம் வாரமும் ஆண்டும், 2311 என்றால் 2011-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். கோடு அழியாமல் புதுசு போல இருந்தாலும் அந்த வயது டயரில் நெடுஞ்சாலைக்குப் போகாதீர்கள். பெட்ரோல் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றுங்கள், பழைய ரப்பரை இன்றைய அமெரிக்கப் பெட்ரோல் அரித்துவிடும், அது சொட்டுவதோ சூடான இன்ஜின் மேல். துத்தநாகம் சேர்த்த ஆயில் ஊற்றுங்கள், தட்டை டாப்பெட் கேம் அது இல்லாமல் சீக்கிரம் தேயும். பிரேக் ஹோஸ், பிரேக் ஆயில், கூலன்ட், டிஃபரென்ஷியல் ஆயில் எல்லாம் புதிது. பாகங்களுக்குக் கவலை வேண்டாம், நியூ ஹாம்ப்ஷையரின் ஏம்ஸ் பெர்ஃபார்மன்ஸ் போன்ற பான்டியாக்குக்கே உரிய கடைகளில் தரைத்தகடு முதல் வைப்பர் குமிழ் வரை புதிதாகக் கிடைக்கிறது. இதையெல்லாம் வசந்தம் முடிவதற்குள் முடித்துவிட்டால், ஆகஸ்ட் மூன்றாவது சனிக்கிழமை டெட்ராய்ட் பக்கத்து உட்வர்ட் அவென்யூவில் நடக்கும் பழைய கார்களின் ஊர்வலமான ட்ரீம் குரூஸுக்கு டாப்பைத் திறந்து ஓட்டிக்கொண்டு போகலாம், 1960-களில் இந்தக் கார்கள் சிக்னலுக்குச் சிக்னல் போட்டி போட்ட அதே ரோடு அது.